அப்பாவைக் கூப்பிட வந்தவன்

1995 மே 6, சனி. கொலோன்

பிளோறன்சுக்குக் கால் நோவு. மகன் றொனால்ட் நிசாந்தின் கடை வானில் சாமான் ஏற்றிக்கொண்டு டோர்ட்முண்ட் பக்கம் போய்விட்டான். மருமகள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாமா? வெங்காயமும் மிளகாய்த்தூளும் வாங்க நிசாந்தின் கடைக்கு நானே போகவேண்டியதாயிற்று.

அந்த மனிசன், நிசாந்தின் தகப்பன் புவனேந்திரன், இருப்பான் என்று தெரியும். இருந்தான். மகனின் கடைக்குக் காவல் தெய்வம் மாதிரி, காசு மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, வெள்ளை வேட்டியும் கம்பளிச் சட்டையுமாக. இந்த நாட்டு ரிவி முழுக்க யுத்தம் முடிந்து ஐம்பது வருசம் என்ற பேச்சுத்தானே. அவனுக்கு வாய்ப்பு. அரிசி வாங்க வந்த இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்கிறான்:

"ஜேர்மன்காரனுக்கு மே மாதத்தோடை முடிஞ்சுது. எங்களுக்கு அங்காலை பசுபிக்கிலை ஓகஸ்ட் மட்டும் இழுத்தது. லபுவானிலை அவுஸ்திரேலியன் கரையிறங்கினவன். அவனுக்கு யப்பான்காரன்ர பீரங்கி எங்கையெங்கை கிடக்குதெண்டு ஆர் போய்ச் சொன்னதெண்டு நினைக்கிறியள்? நான். தனிய, ஒரு சம்பானிலை, துடுப்பு வலிச்சுக்கொண்டு போய்."

அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

நான் வெங்காயத்தை நிறுக்கச் சொன்னேன். என்னைக் கண்டும் அவன் கதையை நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் தணித்தான், அவ்வளவுதான். வெளியே வந்த பிறகு தான் கவனித்தேன், தூளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போகவில்லை.

மே 8, திங்கள்

ரிவியில் பழைய படங்கள். இந்தக் கொலோன் பட்டினம் முழுக்கத் தரைமட்டம், நடுவில் பெரிய தேவாலயம் மட்டும் நிற்கிறது. பிளோறன்ஸ் "ஐயோ பாவம் மாமா" என்றாள். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. விக்டோரியாவும் அப்படித்தான் கிடந்தது. அதை ஆரும் ஐம்பதாவது வருசம் கொண்டாடவில்லை.

விக்டோரியா, லபுவானின் பட்டினம். லபுவான், போர்னியோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. எனக்குத் தெரிந்ததை எனக்கே ஏன் எழுதுகிறேன்? எழுதாவிட்டால் அவனுடைய கதை தான் மிஞ்சும்.

அப்பா அங்கே அரசாங்க ஆசுப்பத்திரியில் டிறெசர். காயத்துக்கு மருந்து கட்டுவது, குளிசை கொடுப்பது, டொக்டர் இல்லாத நாளில் டொக்டர். பீலிக்ஸ் என்றால் தீவில் தெரியாத ஆளில்லை. யப்பான்காரன் வந்தபிறகும் அதே வேலை, அரைவயிற்றுச் சம்பளம். புவனேந்திரன் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. யப்பான்காரன் வந்த கையோடு அவன் பாசையைப் படித்து அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனவன்.

1945 யூன் முதற்கிழமை. நேசப்படை விமானங்கள் பட்டினத்தை அடித்து முடித்துவிட்டன. நாங்கள் உள்ளுக்கு, றப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரரின் கொட்டிலில் ஒதுங்கியிருந்தோம். ஒரு பின்னேரம் அவன் வந்தான். பின்னால் ஒரு யப்பான் சிப்பாய். வாசலில் நின்று அப்பாவோடு குசுகுசுத்தான். அப்பா உள்ளே வந்து மருந்துப் பையை எடுத்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்தா. அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு அவர்களோடு நடந்தார். எனக்குப் பதினாலு வயது. திரும்பிப் பார்ப்பார், பார்ப்பார் என்று நின்றேன்.

அவ்வளவுதான். அப்பா இல்லை.

கெம்பித்தாய் — யப்பானின் இராணுவப் பொலிஸ் — பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றது என்றுதான் அம்மா எல்லாருக்கும் சொன்னா. மலையில் ஒளித்திருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார் என்று ஆரோ காட்டிக் கொடுத்துவிட்டார்களாம். ஆரோ! அந்த ஆரோ வாசலில் நின்றதை நான் பார்த்தேன்.

இங்கே கொலோனில் அவனும் நானும் நாலு வருசமாக ஒரே பட்டினத்தில் இருக்கிறோம். ட்ராமில் அவன் ஏறினால் நான் இறங்கிவிடுகிறேன்.

மே 13

றொனால்டுக்கு யூன் 20 அவுஸ்லெண்டர் அம்ற்றில், வெளிநாட்டவர் கந்தோரில், ரெர்மின் — போகவேண்டிய தவணை. விசா நீடிக்க வேலைக் கடிதம் வேண்டும். கடிதம் தரவேண்டியது அவனுடைய முதலாளி நிசாந். ஆகவே தகப்பன்காரன் நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.

மே 20, சனி

ரெலிபோன். தமிழ்ச் சங்கத்துக் காரியதரிசி சியாமளா. தமிழ்ப் பாடசாலையிலும் படிப்பிக்கிற பிள்ளை, நல்ல பிள்ளை. அதனால் தான் இன்னும் எரிகிறது.

"ஐயா, யூன் பத்தாந் திகதி எங்கடை ஆண்டு விழா. லபுவானிலை அவுஸ்திரேலியர் இறங்கி அண்டைக்குச் சரியாய் ஐம்பது வருசமாம், புவனேந்திரன் ஐயா சொன்னவர். அவரைக் கௌரவிக்கப் போறம். நீங்களும் அந்தத் தீவிலை பிறந்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டம். பொன்னாடையை நீங்கள் தான் போர்த்த வேணும்."

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆர் என்ரை பேரைச் சொன்னது?"

"அவர் தான் ஐயா."

அவனே! அவனே சொல்லியிருக்கிறான். என்ன துணிவு. என் கையால் போர்த்தினால் ஐம்பது வருசப் பழி கழுவப்படும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"வாறன் பிள்ளை," என்றேன். பொய்யில்லை. போகத்தான் போகிறேன்.

மே 21

றொனால்ட் மணந்து பிடித்துவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கோப்பையைத் தள்ளிவிட்டு,

"அப்பா, அண்டைக்கு ஏதும் கதைக்கிற எண்ணமே?"

"போர்த்தக் கூப்பிட்டவை. போறன்."

"உங்களை எனக்குத் தெரியும். ஐம்பது வருசத்துக்கு முந்தினதை இஞ்சை கொண்டுவந்து கொட்டாதையுங்கோ. எனக்கு ரெர்மின் வருது. கடிதம் தாறது அந்த மனிசன்ர மகன்."

"உன்ர அப்பப்பாவைக் கொலை செய்தவன்ரை மகன் எண்டு சொல்லு."

"எனக்கு அப்பப்பாவைத் தெரியாது!" என்று கத்தினான். "எனக்கு வானைத் தெரியும். வாடகையைத் தெரியும்."

பிளோறன்ஸ் இரண்டு பேரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். ஒரே வீட்டில் இரண்டு அறை. கோபித்துக்கொண்டு போகவும் இடமில்லை. கக்கூசுக்குள் போய் இருந்தேன்.

மே 28, ஞாயிறு

அந்தத் தரையிறக்கத்தைப் பற்றி அவன் சொல்வதைக் கேட்டால் ஏதோ திருவிழா என்று தோன்றும். நான் சொல்லவா?

விடியற்காலை கடல் முழுக்கக் கப்பல். நாங்கள் கப்பலைக் காணவில்லை, சத்தத்தைத்தான் கேட்டோம். நிலம் வயிற்றுக்குள் புகுந்து குலுக்கியது. றப்பர் மரத்திலிருந்து பால் தானாக வடிந்தது. அக்கா லூர்தம்மா என்னைக் குப்புறத் தள்ளி மேலே படுத்துக்கொண்டா. அம்மா செபமாலை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. அப்பா போன திசையையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தா.

பிறகு டாங்கிகள். சிவத்த முகங்கள், நீளக் கால்கள், சிகரெட். எங்களுக்கு ரின் இறைச்சி தந்தார்கள். பட்டினத்தில் அப்பாவின் ஆசுப்பத்திரி இருந்த இடத்தைத் தேடினேன். சீமெந்துப் படி ஒன்று நின்றது. யப்பான்காரர் தீவின் நடுவே ஒரு மேட்டுக்குள் ஒடுங்கிப்போனார்கள். அதைச் சுற்றி வளைத்துவைத்துக் கப்பலிலிருந்தும் வானத்திலிருந்தும் நாட்கணக்காக அடித்தார்கள். நாங்கள் ரின் இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடி, இன்னும் அடி என்று நான் மனதுக்குள் சொன்னேன். அப்பாவைக் கொண்டுபோனவங்கள் தானே.

பாதை காட்டினானாம்! அந்த நாளில் அவன் யப்பான் தொப்பியோடு திரிந்ததை நான் மறக்கவில்லை.

யூன் 4

பெந்தகோஸ்தே. கோபத்தோடு சூரியன் மறையவிடாதேயுங்கள் என்றார் சுவாமியார். எத்தனை சூரியன்.

யூன் 10, சனி

எழுதிவிட்டுத்தான் படுக்கவேண்டும். 

மண்டபம் நிறைந்த சனம். பிள்ளைகள் ஆடினார்கள், பாடினார்கள். பிறகு சியாமளா ஒலிவாங்கியில் அவனைப் பற்றி ஒரு புராணம் வாசித்தாள். சம்பான், துடுப்பு, அலை, பீரங்கி எல்லாம் வந்தது. அவன் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், நல்ல பாட்டுக் கேட்கிறவன் மாதிரி. என்னைக் கூப்பிட்டார்கள். தட்டில் பொன்னாடை. பட்டு இல்லை, நைலோன்.

அவன் எழும்பித் தலையைக் குனிந்தான். நான் போர்த்தவில்லை. அதை மடிப்புக் குலையாமல் மேசையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"இந்த மனிசன் ஒரு சம்பானிலும் போகேல்லை," என்றேன். "யப்பான்காரனுக்கு மொழிபெயர்த்தவர். என்ர அப்பாவை எங்கடை வாசலிலை வந்து கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தவர். நான் கண்ணாலை கண்டனான். தலையாட்டி! அப்பிடியெண்டால் என்னெண்டு உங்கள் ஒருத்தருக்கும் நான் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லைத்தான். ஊரில் சாக்கு முகமூடி போட்டுக்கொண்டு ஆமிக்காரனுக்குப் பொடியங்களைத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்தவனைத் தானே அப்படிச் சொல்கிறோம். அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை போயிருக்கும். அதைவிடப் பெரிய வசை எங்களுக்குள் இல்லை.

 நிசாந் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். தகப்பன் கையைக் காட்டி அவனை இருத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.  

"தம்பி, பிள்ளையள் இருக்கினம்," என்றான். வேறொன்றும் இல்லை. பிறகு தானே போய்த் தன் கதிரையில் இருந்தான்.

மறுக்கவில்லை! அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு சொல் மறுக்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்? வென்றுவிட்டேன்.

பிறகு ஏன் எழுதினதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்?

யூன் 11

றொனால்ட் என்னோடு பேசவில்லை.

யூன் 13

நிசாந் வான் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டான். "உன்னிலை கோபம் இல்லை மச்சான், ஆனால் உன்ர கொப்பரை வைச்சிருக்கிற வீட்டுக்கு என்ர வான் வராது" என்றானாம். கடிதம்? அதைக் கேட்கிற நிலையில் இவன் இல்லை.

இன்னும் ஏழு நாளில் ரெர்மின். வேலை இல்லாதவனுக்கு என்ன நீடிப்பு? பிளோறன்ஸ் அழுகிறாள். அழட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னதுக்கு இதுதான் விலையென்றால் — சரி, நான் கொடுக்கலாம். இவன் ஏன் கொடுக்கவேண்டும்?

யூன் 16, வெள்ளி

வந்தான். புவனேந்திரன், சொல்லாமல் கொள்ளாமல், பொல்லை ஊன்றிக்கொண்டு மூன்று மாடி ஏறி. நான் கதவைத் திறந்திருக்கமாட்டேன், பிளோறன்ஸ் திறந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் தான். தேத்தண்ணி வேண்டாம் என்றான். இருக்கச் சொல்லி நான் சொல்லவில்லை, தானே இருந்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பக்கத்துக்குச் சாய்க்கக் கூடாது.

"அண்டைக்கு ஏன் நீர் வாய் திறக்கேல்லை?" என்று நான் தான் தொடங்கினேன். என்னைவிட மூத்தவன், 'நீங்கள்' என்றுதான் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

"என்னத்தைச் சொல்ல? கொம்மா பொய் சொன்னவ எண்டு மேடையிலை சொல்லச் சொல்லுறியே?"

"அம்மாவின்ரை கதையை எடுக்காதையும்."

"எடுக்கத்தான் வந்தனான். எடுக்காமல் இருந்து கண்ட பலன், எழுபத்திமூண்டு வயசிலை என்ர பேரப்பிள்ளையளுக்கு முன்னாலை தலையாட்டிப் பட்டம்." பொல்லை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டான். "கொப்பரைக் கூப்பிட வந்தது நான் தான். ஓம். அவங்கடை இராணுவ டொக்டர் அனுப்பினவன். குண்டுவீச்சிலை காயப்பட்டதுகள் மேட்டிலை சுரங்கத்துக்கை அடுக்கிக் கிடந்ததுகள். கட்டுப் போட ஆளில்லை. வாசலிலை வைச்சு நான் கொப்பருக்குத் தமிழிலை சொன்னது என்ன தெரியுமே? 'அண்ணை, பின்பக்கத்தாலை போய் ஒளியுங்கோ, ஆள் இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போறன்' எண்டு. பின்னாலை நிண்டவனுக்குத் தமிழ் விளங்காது தானே. கொப்பர் என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு. 'எத்தினை பேர் கிடக்கினம்?'"

"பொய்."

"பொய்யெண்டால் நீயே சொல்லு. கைது செய்யிறவன் மருந்துப் பை எடுத்துக்கொண்டு வர விடுவானே? நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனி."

ஐம்பது வருசம் அந்தப் பையை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது அங்கே ஏன் இருந்தது என்று ஒருநாள், ஒரே ஒருநாள் யோசித்தேனா?

அவன் நிறுத்தவில்லை. அவுஸ்திரேலியன் இறங்கினான். அப்பா மேட்டுக்குள் அகப்பட்டார். சரணடைந்தால் வெளியே வரலாம் என்று ஒரு நாள் இருந்ததாம், அப்படி வந்த யப்பான்காரரும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்களாம். அப்பா வரவில்லை. கடைசியில் நெருப்புக் கக்குகிற டாங்கி வந்து எல்லாவற்றையும் முடித்தது. மொழி தெரியும் என்று அவுஸ்திரேலியர் இவனைப் பிடித்துப் பிணம் புதைக்கிறவர்களோடு அனுப்பியிருக்கிறார்கள்.

"அங்கை தான் கண்டனான்."

"எப்பிடிக் கிடந்தவர்?"

கேட்டிருக்கக் கூடாது.

"ஒருத்தன்ர காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தபடி," என்றான். கொஞ்சம் பொறுத்து, "கட்டு முடியேல்லை."

பிளோறன்ஸ் குசினிக்குள் போய்விட்டாள்.

"தனியாய்ப் புதைச்சனான். சிலுவை வைக்கேல்லை. வைச்சால் கேள்வி வரும். யப்பான்காரனோடை கிடந்து செத்தவன் ஆர் எண்டு. வெள்ளைக்காரன் திரும்பி வந்து வீடு வீடாய் விசாரிச்சவன், ஆர் யப்பானுக்கு வேலை செய்தது எண்டு. அப்பிடிப்பட்டவன்ர பெண்சாதிக்குப் பென்சனும் இல்லை, ஊருக்குப் போகக் கப்பலும் இல்லை. கொம்மா என்னட்டை வந்து அழுதவ. கெம்பித்தாய் கொலை செய்துபோட்டுது எண்டு நான் சாட்சி சொன்னன். அந்தச் சாட்சியிலை தான் நீ கப்பலேறினனி."

"அதாலை உமக்கு என்ன லாபம்?"

"என்னையும் தானே விசாரிச்சவங்கள். எனக்கும் ஒரு கதை வேணும் எண்டு இருந்துது. கொம்மாவின்ரை கதை நல்லாய் எடுபட்டுது, நானும் ஒண்டு செய்துகொண்டன். சம்பான்." சிரித்தான். பல் இல்லாத சிரிப்பு. "சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே கை நோகும், துடுப்பு வலிச்ச மாதிரி."

நான் சிரிக்கவில்லை.

எழும்பினான். கதவடியில் திரும்பி, "சமாதானம் பேச வந்தனான் எண்டு நினையாதை. நீ சொன்ன சொல்லுக்கு மன்னிப்பு என்னட்டை இல்லை" என்றான். படியில் பொல்லுச் சத்தம் கீழே போகும்வரை கேட்டது.

யூன் 17

நம்பமாட்டேன். கதை கட்டுவதில் தேர்ந்த மனிசன். ஒரு சம்பானைக் கட்டியவனுக்கு ஒரு சுரங்கம் கட்ட ஏலாதா?

ரொறொன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது, தெரியாமல் இருக்காது. "லூர்தக்கா, அப்பாவைக் கெம்பித்தாய் பிடிச்சதோ?" என்று நேரே கேட்டேன்.

 அக்கா திருப்பிக் கேட்டா:

"ஆர் உனக்குச் சொன்னது?"

அவ்வளவும் போதும். ஆனால் அக்கா அழுது அழுது சொன்னா. அம்மா இரண்டு பேரையும் இருத்திச் சொல்லவே நினைத்தாவாம். "நீ பள்ளிக்கூடத்திலை வாய் காட்டிப்போடுவாய் எண்டு பயம். பிறகு நீ பெரியாளாகினாப்போலை சொல்ல வெக்கம். எல்லாரும் அப்பாவைப் பற்றி எவ்வளவு பெருமையாய்க் கதைச்சவை."

"அப்ப அந்தப் புவனேந்திரனை நான் இவ்வளவு காலம் —"

"அம்மா ஒருநாளும் அவற்ரை பேர் சொல்லேல்லையடா. அது நீயாய் வைச்சுக்கொண்டது."

நீயாய் வைச்சுக்கொண்டது.

அம்மாவில் கோபம் வருகிறது. அக்காவில் வருகிறது. அப்பாவில் — ஓம், அப்பாவில் தான் எல்லாரையும் விடக் கூட. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நாங்கள் மூன்று பேர் வீட்டில். யப்பான்காரன்ர கால் தான் பெரிசாய்ப் போச்சோ? ஆரைக் கேக்கிறது இதை? அடி, இன்னும் அடி எண்டு சொல்லிக்கொண்டிருந்தனே, ரின் இறைச்சியைத் திண்டுகொண்டு!

யூன் 20

நேற்றுப் பின்னேரம் நிசாந் வேலைக் கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். "கடிதம் தாறன். வான் தரமாட்டன்" என்று றொனால்டிடம் ரெலிபோனில் சொன்னானாம். தகப்பன் சொல்லித்தான் தந்திருப்பான். இன்றைக்கு விசாவை ஒரு வருசம் நீடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மனிசனுக்கு நன்றி சொல்லவேண்டுமா? என்னால் ஏலாது.

யூலை 10

யாழ்ப்பாணத்தில், நவாலியில், கோயிலில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் விமானக் குண்டு. பிள்ளைகள். சங்கத்து ரெலிபோனில் பெயர்களை வாசிக்கிறார்கள். ஊரில், இளவாலையில் எங்கள் வீட்டுப் பக்கம் செய்தி இல்லை.

யூலை 23

றொனால்டுக்கு ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. மாவும் சூடும். "பேசுறமோ இல்லையோ, இந்தாங்கோ" என்று ஒரு சூடான பாணை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஓகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். யப்பான் சரணடைந்து சரியாக ஐம்பது வருசம். பூசைக்குப் பிறகு நிசாந்தின் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். பருப்பு வாங்குகிற சாட்டில்.

கடையில் நாலைந்து பேர். சியாமளாவும் நின்றாள். புவனேந்திரன் வழக்கமான கதிரையில். கதை நடக்கிறது. சம்பான், அலை எல்லாம் அப்படியே. ஆனால் இடையில் ஒரு புது ஆள்.

"நான் தனிய எண்டு இவ்வளவு நாளும் சொன்னனான், ஏனெண்டால் சொல்லவேண்டாம் எண்டு ஒரு வாக்கு. முன்னுக்கிருந்து துடுப்பு வலிச்சது டிறெசர் பீலிக்ஸ். இவற்ரை அப்பா. திரும்பி வந்து தான் கெம்பித்தாயிட்டை பிடிபட்டவர். அண்டைக்கு மேடையிலை இவருக்கு அது தெரியாது, பாவம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சியாமளாவின் கண்ணில் தண்ணீர். "ஐயா, உங்கடை அப்பாவும் வீரரோ!"

எனக்கு விளங்கியது. சமாதானம் பேச வராதவன் சமாதானம் செய்கிற விதம் இது. இரண்டாவது தரம் எங்கள் வீட்டுக்காகப் பொய்ச்சாட்சி சொல்கிறான். தலையை ஆட்டிவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் எல்லாம் முடிந்தது. பட்டம் போயிருக்கும், வானும் திரும்பி வந்திருக்கும்.

"இல்லை," என்றேன். "அப்பா ஒரு சம்பானிலும் ஏறேல்லை. இவர் அவரைக் காட்டிக் குடுக்கவும் இல்லை. அது நான் சொன்ன பிழை, அதுக்கு உங்கள் எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன். அப்பா தானாய்ப் போனவர். யப்பான்காரற்ரை காயக்காரருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இருக்கேக்கை அவுஸ்திரேலியன்ர நெருப்பிலை செத்தவர்."

 பிறகு ஒரு பெண் மற்றவளிடம், எனக்குக் கேட்கத்தான் சொன்னாள்: "எதிரிக்கே மருந்து கட்டினவர் எண்டு ஒரு மகன் தகப்பனைச் சொல்லுவானே!"

சியாமளா என் தோளைத் தொட்டு, "ஐயாவுக்கு அப்ப சின்ன வயசு. ஞாபகம் மாறியிருக்கும்" என்றாள். அவ்வளவு அன்பாக.

உண்மையை நம்பவில்லை. என் பொய்யை ஒரு நிமிசத்தில் நம்பிய சனம்.

வாசலுக்கு வந்தபோது புவனேந்திரன் பின்னால் வந்தார். பொல்லால் நிலத்தில் ஓங்கிக் குத்தினார். "கொம்மாவுக்காக ஐம்பது வருசம் பொத்தி வைச்சதை ஒரு கிலோ பருப்பு வாங்க வந்த இடத்திலை கொட்டிப்போட்டாய்."

"என்ர அப்பாவுக்கு உங்கடை பொய் வேண்டாம்," என்றேன்.

"உன்ர உண்மையும் இந்தச் சனத்துக்கு வேண்டாம்," என்றார்.

இரண்டு பேரும் பிழை சொல்லவில்லை.

செப்டெம்பர் 9

கடைக் கதை பாண் தொழிற்சாலை மட்டும் போய்விட்டது. றொனால்ட் வேலையால் வந்து, மா அப்பிய சப்பாத்தோடு என் கட்டிலில் இருந்தான்.

"அப்பா, அது உண்மையே? அப்பப்பா எங்கை செத்தவர்?"

சொன்னேன். வாசல், பை, மேடு, கட்டு முடியாத கால். அம்மாவின் பொய், அக்காவின் மௌனம், என் பிடிவாதம். கோபத்தோடுதான் சொன்னேன். "எங்கள் மூண்டு பேரையும் விட்டிட்டுப் போனவர்" என்றும் சொன்னேன்.

 சப்பாத்தில் அப்பிய மாவை விரலால் சுரண்டினான்.

"அந்தக் காயக்காரன் என்ன வயசு இருப்பான்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன். என்ன கேள்வி இது?

ஒக்ரோபர் 31

ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் வெறுமையாகிவிட்டது. நேற்று மழைக்குள், முழுச் சனமும் ஒரே தெருவில், செம்மணிப் பக்கம். கிழடுகள், குழந்தைகள், ஆசுப்பத்திரியிலிருந்து நோயாளிகளையும் தூக்கிக்கொண்டு. பிளோறன்சின் தாய் எங்கே என்று தெரியாது. ரெலிபோனைச் சுற்றி இருக்கிறோம். அது அடிக்கவில்லை.

நவம்பர் 2, வியாழன்

சகல ஆத்துமாக்கள் நாள். பின்னேரப் பூசை. இடம்பெயர்ந்த சனத்துக்கான செபம் என்றபடியால் சைவக்காரரும் வந்திருந்தார்கள், கோயில் கொள்ளவில்லை. புவனேந்திரன் ஐயா கடைசி வரிசை வாங்கில். என்னைக் கண்டார். வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மன்றாட்டு நேரம் சுவாமியார், இறந்தவர்களின் பெயரை விரும்பியவர்கள் இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம் என்றார். ஒவ்வொன்றாய் வந்தது, ஒவ்வொன்றுக்கும் கோயில் முழுக்க "ஆமேன்" என்றது. நவாலிப் பெயர்கள். வழியில் செத்த ஒரு குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று ஒரு தகப்பன் சொன்னான். சனம் விம்மியது.

எனக்குப் பக்கத்தில் றொனால்ட் எழும்பினான். மாதக்கணக்காய்க் கோயில் பக்கம் வராதவன். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என்ர அப்பப்பா பீலிக்ஸ்," என்றான். பிறகு, "அவரோடை கிடந்து செத்த காயக்காரருக்காகவும்."

முன்வாங்கில் இரண்டு மூன்று தலை திரும்பியது. கண்களில் நல்லது ஒன்றும் இல்லை. கடைக் கதை எல்லாருக்கும் தெரியும். இந்த நாளில், எங்கள் சனம் தெருவில் கிடக்கிற இந்த நாளில், எதிரியின் காயக்காரனுக்குச் செபம் கேட்கிறான் என்ற கோபம். எனக்கும் அதே கோபம் தான். மற்றவர்கள் சொன்ன பெயருக்கெல்லாம் உடனே பதில் சொன்ன கோயில், இதற்குச் சொல்லாமல் நின்றது. றொனால்ட் இருக்காமல் நின்றான். காது சிவந்துபோயிற்று.

பின்னாலிருந்து, கடைசி வாங்கிலிருந்து, ஒரு கிழட்டுக் குரல், பழக்கமில்லாத சொல்லைப் பிழையாக உச்சரித்து, "ஆமேன்" என்றது.

அதற்குப் பிறகு நான் சொன்னேன்.